ஒரே ஒரு ‘கிளிக்’!

நம்ம ஊரில் ‘டைட்’ என்ற வார்த்தைக்குத் தனி மரியாதை. ஊறுகாய் பாட்டிலை மூடினால், அடுத்த ஆள் திறக்க முடியாதபடி மூட வேண்டும். சொட்டுகிற குழாயைத் திருகினால், வாஷர் உயிரை விடும்வரை திருக வேண்டும். அட்டைப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினால், ஊர் போய்ச் சேர்ந்ததும் அவிழ்க்க அரிவாள்மணை தேட வேண்டும். இந்தப் பரம்பரை வீரம் கார் சக்கரத்தின் நட்டுக்கு வந்து சேரும்போதுதான் வம்பே ஆரம்பம்!

பஞ்சர் கடையில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. சக்கரத்தை மாட்டிவிட்டு ஸ்பானர் மேல் ஏறி நின்ற பையனைக் கேட்டேன்.

“தம்பி, எவ்வளவு டைட் பண்ணணும்?”

“ஃபுல் டைட் ஸார்!”

“ஃபுல்னா எவ்வளவு?”

என்னை ஏற இறங்கப் பார்த்தான். “இதுக்கு மேல போகாதுங்கற வரைக்கும் ஸார்...”

தத்துவமாகப் பார்த்தால் சரியான பதில். ஆனால் இரும்புக்குத் தத்துவம் தெரியாது. அதுக்கு மேலேயும் போகும். போய், ஒருநாள் அறுந்துவிடும்!

எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அதைக் கைக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு கருவியும் இருக்கிறது. பெயர் டார்க் ரென்ச். (டார்க் என்றால் இருட்டு இல்லை, பயப்படாதீர்கள்!) பள்ளிக்கூடத்தில் ‘திருப்புவிசை’ என்று படித்தோமே, அதேதான். ஒர்க்‌ஷாப் தமிழில் முறுக்கு. மணப்பாறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அரிசி மூட்டைக் கணக்கு

முறுக்கை நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள். கேட்டதும் பிளஸ் டூ பிஸிக்ஸ் ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்க வேண்டாம். அரிசி மூட்டை போதும்.

40 சென்டிமீட்டர் நீளக் கம்பியின் ஒரு முனை நட்டில் இருக்கிறது. கம்பி படுக்கை வசமாக நிற்க, மறுமுனையில் 25 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிடுகிறீர்கள். நட்டின் மேல் விழுவது 98 நியூட்டன் மீட்டர். ஒரு சாதாரணக் குடும்பக் காரின் வீல் நட் கேட்பது ஏறக்குறைய இவ்வளவுதான்!

இப்போது நம்ம பையனின் கணக்கு. ஸ்பானரின் நீளம் 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 75 கிலோ ஆள் அதன் நுனியில் சும்மா ஏறி நின்றாலே 184 நியூட்டன் மீட்டர். அதாவது, கிட்டத்தட்ட டபுள். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று ஒரு குதி குதித்தால் இன்னும் மேலே. டயர் கடையில் ‘டர்ர்ர்’ என்று அலறுகிற ஏர் கன் இருக்கிறதே, அது மனசு வைத்தால் 300, 400 என்று போகும்.

பல டொயோட்டா கார்களுக்கு 103. பல ஹோண்டா கார்களுக்கு 108. இதென்ன ஜவுளிக்கடை விலை மாதிரி என்கிறீர்களா? பழைய கிலோ கணக்கில் அவை பத்தரை, பதினொன்று. நியூட்டனுக்கு மாற்றினால் இப்படி வருகிறது. சின்ன கார்களில் 85 கேட்பவையும் உண்டு. பெரிய எஸ்.யூ.வி.க்கள் 130-ஐயும் தாண்டும். உங்கள் காருக்கு எவ்வளவு என்பது டாஷ்போர்டுப் பெட்டிக்குள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் தூங்குகிறதே ஓனர்ஸ் மேனுவல், அதில் இருக்கிறது. ஒருமுறை எழுப்பிப் பாருங்கள்.

ரப்பர் பேண்ட் ரகசியம்

“கொஞ்சம் கூடுதலா இருந்தா என்ன ஸார் கெட்டுப்போச்சு? பத்திரம்தானே?” இது என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி.

டிபன் பாக்ஸுக்கு ரப்பர் பேண்ட் போடுகிறோம். லேசாக இழுபட்டு நிற்பதால்தான் மூடியைப் பிடித்துக்கொள்கிறது. இழுக்காமல் சும்மா போட்டால், பஸ்ஸில் சாம்பார் கொட்டும். ரொம்ப இழுத்தால் ஒன்று அறுந்துவிடும், அல்லது தொளதொளவென்று ஆகிவிடும். சக்கரத்தைத் தாங்கும் ‘ஸ்டட்’ என்கிற அந்த ஆணியும் ஒரு ரப்பர் பேண்ட்தான். நட்டைத் திருகும்போது ஸ்டட் மயிரிழை அளவுக்கு நீளுகிறது. அது திரும்பச் சுருங்கப் பார்ப்பதால், சக்கரத்தை ஹப்போடு சேர்த்து அமுக்குகிறது.

என்ன அமுக்கு தெரியுமா? 12 மி.மீ. ஸ்டட்டில் 100 நியூட்டன் மீட்டர் வைத்தால், ஒவ்வொரு நட்டும் ஏறத்தாழ நாலு டன் கனத்தோடு அழுத்தும். நாலு நட்டுக்குப் பதினாறு டன்! உங்கள் முழுக்காரின் எடையே ஒரு டன்தான். அந்த அழுத்தத்தில் சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே ஏற்படும் உராய்வுதான் வண்டியைச் சுமக்கிறது. நட் தளர்ந்தால் அந்தப் பிடி போய், சக்கரம் ஸ்டட்டை இடித்து இடித்து ஒடித்துவிடும்.

அதிகமாக இறுக்கினால்? ஸ்டட் நீண்டு, நிரந்தரமாகத் தொளதொளக்கும். மரை நசுங்கும். ஒரு நட் கூட, ஒரு நட் குறைச்சல் என்று கோணல்மாணலாக இறுக்கினால் பிரேக் டிஸ்க் ஒருபக்கமாக இழுக்கப்படும். பிறகு பிரேக் போடும்போதெல்லாம் ஸ்டியரிங் குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்கும். காரணம் தெரியாமல் நாம் டிஸ்க்கை மாற்றிக்கொண்டிருப்போம்.

ஆக, ‘டைட்’ வேறு, ‘பத்திரம்’ வேறு. லூஸும் ஆபத்து, ஓவர் டைட்டும் ஆபத்து. நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடத்தைக் கை கண்டுபிடிக்காது. காலையில் ஒரு பலம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பலம், மேனேஜரிடம் திட்டு வாங்கிய அன்று வேறு ஒரு பலம்... கையை நம்பி எப்படி?

மதுராந்தகம் தாண்டி, ராத்திரி பதினொன்று...

என் ஆபீஸ் நண்பர் ஒருவருக்கு நடந்தது இது. மனைவி, நாலு வயசுப் பெண் குழந்தையோடு விழுப்புரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். மதுராந்தகம் தாண்டியதும் டயர் பஞ்சர். தூறல் வேறு. பதறவில்லை மனிதர். வண்டியை ஓரங்கட்டி, ஜாக்கியை எடுத்து, ஸ்டெப்னியை இறக்கி, கம்பெனி கொடுத்த குட்டி ஸ்பானரை நட்டில் மாட்டினார்.

நட் அசையவில்லை. ஏறி நின்றார். அசையவில்லை. குதித்தார். ஸ்பானர் வழுக்கி, நட்டின் முனை மழுங்கி, முழங்கால் தார் ரோட்டில் தேய்ந்ததுதான் மிச்சம். முந்தின வாரம்தான் ஒரு கடையில் புது டயர் போட்டு, ஏர் கன்னால் ‘டர்ர்ர்’ அடித்து வாங்கியிருந்தார். அன்றைக்கு அந்தச் சத்தம் அவர் காதுக்குச் சங்கீதம்!

முதுகை உரசுகிற தூரத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. குழந்தையை இறக்கி ரோட்டுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கையைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கடைசியில் ஒரு லாரி டிரைவர் ஆள் உயர இரும்புக் குழாயோடு இறங்கி வந்தார். ஸ்பானரில் குழாயைச் செருகி ஒரு அழுத்து. ‘டமார்’ என்ற சத்தத்தோடு நட் விட்டுக்கொடுத்தது.

“யார் ஸார் இதை மாட்டினது? வண்டியை விக்கறப்பகூட வீலைக் கழட்டக் கூடாதுன்னு நெனைச்சானா?” என்றாராம் டிரைவர்.

சிரிக்கலாம். ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில், இருட்டில், குழந்தையோடு நின்ற அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரேஸிலும் இதே கதை

நமக்குத்தான் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். 1991-ல் போர்ச்சுகல் கிராண்ட் ப்ரீ. நைஜல் மேன்ஸெல் முன்னணியில் இருக்கிறார். டயர் மாற்றி, பாய்ந்து கிளம்பினார். வலது பின்சக்கரம் மட்டும், ‘நீ போ, நான் வரலை’ என்று தனியே உருண்டு ஓடியது! பிட் பாதையின் நடுவிலேயே வேறு சக்கரம் மாட்டினார்கள். அது விதிக்கு விரோதம் என்று ரேஸிலிருந்தே நீக்கிவிட்டார்கள். அந்த வருஷ சாம்பியன் பட்டம் அயர்ட்டன் ஸென்னாவுக்குப் போனது.

முப்பது வருஷம் கழித்து, 2021-ல் மொனாக்கோ. இரண்டாவது இடத்தில் வந்துகொண்டிருந்த வால்ட்டேரி போட்டாஸ், டயர் மாற்ற உள்ளே வந்தார். இந்தத் தடவை தலைகீழ்! கன் சரியாக உட்காராமல் நட்டின் பல்லையெல்லாம் மழித்துவிட, முன்சக்கரம் கழலவே மாட்டேன் என்றது. ரேஸ் அத்தோடு முடிந்தது. கடைசியில் வண்டியை இங்கிலாந்தில் உள்ள தொழிற்சாலைக்கே கொண்டுபோய்த்தான் கழற்றினார்கள். கோடிகளில் புரளும் டீம்களுக்கே ஒரு நட் கண்ணீர் வரவழைக்கிறது!

சொல்லும்; தடுக்காது

டார்க் ரென்ச் யோசனைக்கு மூலமே ஒரு குழாய் ரிப்பேர்க்காரர்தான் என்று சொல்லலாம். நியூயார்க் நகரத் தண்ணீர் இலாகாவில் வேலை பார்த்தவர் கான்ராட் பார். குழாய் இணைப்புகளின் போல்ட்டுகள் ஆளுக்கு ஒரு தினுசில் இறுகியிருப்பதைப் பார்த்து வெறுத்துப்போய், 1918-ல் இந்த மாதிரிக் கருவியை முதலில் செய்ததாக அவர் சொன்னார். 1935-ல் அவரும் இன்னொருவரும் சேர்ந்து, குறித்த அளவு வந்ததும் சத்தம் கொடுக்கும் ரென்ச்சுக்குப் பேடண்ட் வாங்கினார்கள்.

இன்று கடையில் கிடைப்பதில் மூன்று ஜாதி. முள் காட்டுவது ஒன்று. நம்பரில் காட்டும் டிஜிட்டல் ஒன்று. ‘கிளிக்’ என்று சொல்வது ஒன்று. நமக்குச் சௌகரியம் மூன்றாவது. உள்ளே ஒரு ஸ்ப்ரிங். கைப்பிடியைத் திருகி அளவை வைத்தால் அதற்கேற்ப ஸ்ப்ரிங் அமுங்கும். நட் அந்த அளவைத் தொட்டதும் உள்ளே ஒரு துண்டு நழுவி, ‘கிளிக்’!

இங்கே ஒன்றை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். டார்க் ரென்ச் சொல்லும், தடுக்காது. கிளிக் கேட்ட பிறகும் இழுத்தால் நட் இறுகிக்கொண்டேதான் போகும். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று இன்னொரு கிளிக், இன்னொரு கிளிக் என்று போடுகிறவர்கள் பழையபடி அந்தப் பையனின் கட்சிக்கே போகிறார்கள்.

இன்னொன்று. கன்னால் 300-க்கு இறுக்கிய நட்டின் மேல் 100-ல் வைத்த ரென்ச்சைப் போட்டால், தொட்டவுடனே ‘கிளிக்’ என்னும். ‘ஆஹா, கரெக்டா இருக்கு’ என்று ஏமாந்துவிடக் கூடாது. 100-க்குக் குறையவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். தளர்த்திவிட்டு மறுபடி முறுக்கினால்தான் உண்மை தெரியும்.

கழற்றுவது எப்படி, மாட்டுவது எப்படி?

சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போடுங்கள், கியரிலும் விடுங்கள். கழற்றும் சக்கரத்துக்குக் குறுக்கு மூலையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வையுங்கள்.

ஜாக்கி போடுவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே, நட்டுகளைக் கால் சுற்று தளர்த்த வேண்டும். இதற்கு நீளக் கைப்பிடி வீல் ஸ்பானர். டார்க் ரென்ச்சைத் தொடவே கூடாது! கழற்ற எவ்வளவு பலம் தேவைப்படும் என்று யாருக்கும் தெரியாது. அதன் தகுதிக்கு மேல் போனால் உள்ளே இருக்கிற ஸ்ப்ரிங்கும் அளவும் குழம்பிவிடும். டார்க் ரென்ச்சால் நட் கழற்றுவது, தராசுத் தட்டில் ஏறி நின்று பரண் மேல் பாத்திரம் எடுக்கிற கதை.

பிறகு ஜாக்கி. கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்க வையுங்கள். ஜாக்கி வழுக்கினாலும் வண்டி அதன் மேல் உட்காரும். உங்கள் மேல் உட்காராது.

மாட்டும்போது ஹப்பிலும் சக்கரத்தின் முதுகிலும் துருவோ மண்ணோ இருந்தால் துடையுங்கள். நட்டைக் கையால் திருகித்தான் ஆரம்பிக்க வேண்டும். விரலுக்கே வழவழவென்று ஏற வேண்டும். ஏறாவிட்டால் மரை மாறியிருக்கிறது என்று அர்த்தம். பலத்தைக் காட்டாமல் பின்னால் வாங்குங்கள். ஒரு கம்பெனி நட் இன்னொன்றுக்குச் சேராது. மாருதியில் மரை இடைவெளி 1.25 மி.மீ., ஹூண்டாயிலும் ஹோண்டாவிலும் 1.5 மி.மீ. கடன் வாங்கிய நட்டைப் பலவந்தமாக ஏற்றினால், மரை கழன்ற கேஸ் என்று நம்மைத்தான் சொல்வார்கள்.

எண்ணெய், கிரீஸ் தடவலாமா? மேனுவல் சொல்லாதவரை வேண்டாம். நாம் கொடுக்கும் முறுக்கில் பெரும்பகுதியை உராய்வே தின்றுவிடுகிறது. பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கிறது. எண்ணெய் விட்டால் உராய்வு குறைந்து, அதே கிளிக்குக்கு ஸ்டட் மூன்றில் ஒரு பங்குகூட அதிகமாக இழுபடலாம்.

எல்லா நட்டையும் சாதாரண ஸ்பானரால் மிதமாகப் பிடித்து, ஜாக்கியை இறக்கி, டயர் தரையைத் தொட்ட பிறகுதான் நம்ம கதாநாயகன் மேடைக்கு வர வேண்டும். நாலு நட் என்றால் எதிரும் புதிருமாக, ஐந்து என்றால் ஒன்று விட்டு ஒன்று, நட்சத்திரம் வரைகிற மாதிரி. முதல் சுற்று பாதி அளவு, இரண்டாவது சுற்று முழு அளவு. கைப்பிடியின் நடுவில் பிடித்து, வெடுக்கென்று இழுக்காமல், வீணையில் மீட்டுகிற நிதானத்தில் இழுங்கள். கிளிக்! அடுத்த நட்.

ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஒருமுறை மறுபடி சோதியுங்கள். இடையில் ‘டக் டக்’ சத்தமோ, திடீர் ஆட்டமோ வந்தால், அடுத்த ஊர் வரட்டும் என்று பார்க்காமல் அங்கேயே நிறுத்துங்கள்.

பேனா, குடை, டார்க் ரென்ச்

இந்த மூன்றையும் இரவல் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. எங்கள் ஃப்ளாட்டில் ஒருவர், “ஸார், அந்தச் சிவப்புப் பெட்டிக் கருவி இருக்கே, அதைக் கொஞ்சம் கொடுங்க... ஒரு போல்ட் கழல மாட்டேங்குது” என்று கேட்டார். ‘கழல’ என்ற வார்த்தை காதில் விழுந்த விநாடியே பழைய வீல் ஸ்பானரையும் ஒரு குழாயையும் கொடுத்து அனுப்பினேன். ‘கஞ்சன்’ என்று பெயர் வந்தது. பரவாயில்லை, என் ரென்ச் பிழைத்தது.

பார்க்க முரட்டு இரும்பு மாதிரி இருந்தாலும் அது நகைக்கடைத் தராசு ஜாதி. வேலை முடிந்ததும் அளவை, கைப்பிடியில் குறித்திருக்கும் மிகக் குறைந்த எண்ணுக்கு இறக்கி வைக்க வேண்டும். 100-லேயே விட்டுவைத்தால் ஸ்ப்ரிங் மாதக்கணக்கில் அமுங்கிக் கிடந்து சோர்ந்துபோகும். ‘இன்னும் நல்லா ஓய்வெடுக்கட்டும்’ என்று குறைந்த எண்ணுக்கும் கீழே அவிழ்ப்பதும் தப்பு. உள்ளே பாகங்கள் இடம் மாறிவிடலாம்.

கீழே போடக் கூடாது. சுத்தியலாக்கக் கூடாது. டீசலில் முக்கிக் கழுவக் கூடாது. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ரொம்ப நாள் பெட்டியிலேயே இருந்திருந்தால், முதலில் குறைந்த அளவில் வைத்து நாலைந்து தடவை ‘கிளிக்’ பண்ணுங்கள். உள்ளே உறைந்த கிரீஸ் பரவும்.

உலகத் தர விதி ஐ.எஸ்.ஓ. 6789 இதற்குக் காலக்கெடுவும் சொல்கிறது: வருஷத்துக்கு ஒருமுறை, அல்லது 5000 தடவை உபயோகித்த பிறகு, எது முந்தியோ அப்போது அளவைச் சரிபார்க்க வேண்டும். அது ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு. வருஷத்தில் நாலு தடவை எடுக்கிற நாம், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறையாவது, கீழே விழுந்தால் உடனேயே, சோதனைச் சாலையில் கொடுத்துப் பார்ப்பது நல்லது. சென்னை, கோவை மாதிரி தொழில் நகரங்களில் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலைகள் இருக்கின்றன.

வாங்கும்போது...

* அரை இஞ்ச் சதுரமுனை. 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை அளக்கக்கூடியது. நமக்கு வேண்டிய 100 நடுவாந்தரமாக வருவது நல்லது.

* மாருதி, ஹோண்டாவுக்குப் பெரும்பாலும் 19 மி.மீ. சாக்கெட், ஹூண்டாய், டொயோட்டாவுக்குப் பெரும்பாலும் 21 மி.மீ. உங்கள் நட்டோடு ஒத்துப் பார்த்து வாங்குங்கள்.

* கைப்பிடியில் இரண்டு அளவுகோல் இருக்கும். ஒன்று நியூட்டன் மீட்டர், இன்னொன்று அமெரிக்கக்காரரின் அடி-பவுண்ட். மாற்றிப் பார்த்து அதில் 100 வைத்தால், நட்டுக்கு விழுவது 136!

“கருவி வாங்க இப்போ பட்ஜெட் இல்லை ஸார், மாசக் கடைசி” என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. டயர் கடையில் கூச்சப்படாமல் கேளுங்கள்: “அண்ணே, கன்ல லேசாப் பிடிச்சிட்டு, கடைசி டைட்டை டார்க் ரென்ச்சுல போட்டுக் கொடுங்க.” நல்ல கடைக்காரர் சந்தோஷமாகச் செய்வார். “அதெல்லாம் கையே சொல்லும் ஸார்” என்று ஒருவர் சொன்னால், வீட்டுக்கு வந்து, தளர்த்தி, உங்கள் வீல் ஸ்பானருக்குப் படிகிறதா என்று பகல் வெளிச்சத்திலேயே பார்த்துவிடுங்கள். அந்தப் பரீட்சையை ராத்திரி பதினொரு மணிக்கு ஹைவேயில் எழுத வேண்டாம்.

இன்று நீங்கள் மாட்டுகிற சக்கரத்தை என்றைக்கோ ஒருநாள் யாரோ கழற்ற வேண்டியிருக்கும். அது உங்கள் மனைவியாக இருக்கலாம், புதுசாக லைசென்ஸ் வாங்கிய தம்பியாக இருக்கலாம். அவர்கள் கைக்கும் அந்த நட் படிய வேண்டும். அதுவரை தானாகக் கழலவும் கூடாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே உத்தரவாதம்தான்...

கிளிக்!